தும்மலுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி

லெஸ் பாலாஸ் பேஸ்பால் ஆடியது பதினோரு வருடம். அதில் ஊர் நினைவில் வைத்திருப்பது ஒன்றரை விநாடி.

அந்த ஒன்றரை விநாடியை நான் நேர் எதிரே குந்தியிருந்து பார்த்தேன். அவன் பந்து வீசுகிற பிட்சர், நான் அதைப் பிடிக்கிற கேட்சர். எங்கள் டொலீடோ ஹெரான்ஸ் அணி நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக மிட்லாண்ட் லீக்கின் இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது, அதாவது கடைசிச் சுற்று, இரண்டு பக்கமும் சம ஓட்டம். எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாவது தளத்தில் நிற்கிறான். இரண்டு பேர் அவுட். மட்டையோடு நிற்பவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு நல்ல பந்து போட்டால் அவனும் அவுட். லெஸ் வீசத் தொடங்கினான். பாதியில் தும்மினான்.

வீசத் தொடங்கிய பிட்சர் வீசியே ஆக வேண்டும் என்பது விதி. பாதியில் நிறுத்தினால் குற்றம். தளத்தில் நிற்கிறவன் ஓடக்கூட வேண்டியதில்லை, நடந்து வந்து ஓட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அவன் அப்படித்தான் வந்தான், கடைக்குப் பால் வாங்கப் போகிறவன் மாதிரி. அடுத்து மட்டை பிடிக்க வேண்டிய எங்கள் ஆட்கள் மூன்று பேரும் வரிசையாக அவுட் ஆனார்கள். மூன்றாவது ஆள் நான்தான். மூன்று பந்தையும் விட்டுவிட்டுக் காற்றை அடித்தேன். இன்றுவரை என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எல்லா வார்த்தையும் லெஸ்ஸுக்குப் போனது. யாராவது தும்மினால் 'கடவுள் காப்பாத்தட்டும்' என்று சொல்வது எங்கள் பக்கத்து மரியாதை. ஊர் ஒன்பது வருடம் அவனுக்கு அந்த மரியாதையைச் செய்தது. சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடியை இறக்கி, "கடவுள் காப்பாத்தட்டும்டா நாயே" என்பான். அவன் மனைவி ஜோலீன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் முப்பது பிள்ளைகளும் ஒரே சமயத்தில் தும்முவார்கள். அவள் இரண்டு தடவை பள்ளி மாறினாள். தும்மலும் கூடவே மாறியது. லெஸ் இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். முதலாளி அவனைப் பின்கட்டிலேயே வைத்திருந்தார், முன்னால் நின்றால் வியாபாரம் கெடும் என்று.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை, தேவாலயத்து மீன் விருந்தில், பேச வேண்டியவர் வரவில்லை. பாதிரியார் சுற்றிலும் பார்த்துவிட்டு, பின்வரிசையில் முட்டைக்கோஸ் சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்த லெஸ்ஸை எழுப்பிவிட்டார். யாரோ உடனே தும்மிக் காட்டினார்கள். லெஸ் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் கேக்கறீங்க, ஏன் தும்மினேன்னு," என்றான். "வந்துச்சு. முப்பதாயிரம் பேர் பாக்கறாங்க, கொஞ்சம் கழிச்சு வான்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. அதுக்கு பேஸ்பால் விதி தெரியாது. அம்பயருக்குத் தெரியும். ரெண்டரை மணி நேரம் கண்ணு முன்னாடி போன எந்தப் பந்தையும் பாக்காத மனுசன், என் மூக்க மட்டும் சரியா பாத்தாரு."

ஒரு கிழவர் மீன் முள் தொண்டையில் மாட்டும் அளவுக்குச் சிரித்தார். லெஸ் என் பக்கம் கையைக் காட்டினான்.

"அதோ எங்க கேட்சர் கார்ல். மூணு பந்து அடிச்சான். ஒண்ணும் மட்டைல படல. முதல் வரிசைல இருந்தவங்களுக்குக் காத்து வந்துச்சு, அவ்வளவுதான். ஊர்ல அவனுக்கு இன்னிக்கும் பியர் வாங்கிக் குடுக்கறாங்க. எனக்கு மூக்குத் தொடைக்கிற காகிதம் குடுக்கறாங்க."

அன்றைக்கு நானும் சிரித்தேன். ஒன்பது வருடம் தொண்டையில் இருந்த ஒன்று இறங்கினது போல இருந்தது. ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை லெஸ் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை.

ஸ்டேடியத்துக்கு எதிரே மார்வா என்கிற பெண்மணி ஒரு காமெடி கிளப் நடத்துகிறார். முதலில் செவ்வாய்க்கிழமைகளில், யார் வேண்டுமானாலும் ஏறி ஐந்து நிமிடம் பேசலாம் என்கிற வரிசையில் லெஸ் நின்றான். ஆறு மாதத்தில் வியாழக்கிழமை மாலை முழுவதும் அவனுடையதாகிவிட்டது. அவனைத் திட்டுவதற்காக வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய், அடுத்த வாரம் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

சிரிப்பு லீக்கின் காதுக்கு எட்டியது. லீக்கில் 'பாரம்பரியம் மற்றும் விவரணைப் பிரிவு' என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பதிவுத் தபால் வந்தது. தொலைக்காட்சியில் ஒவ்வொரு ஆட்டத்தின்போதும் ஒருவர் அவசரமாகப் படிப்பாரே, 'இந்த ஆட்டத்தைப் பற்றிய எந்த விவரணையும் லீக்கின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிச் செய்யப்படக்கூடாது' என்று, அதற்கு யாரும் காது கொடுத்ததில்லை. லீக் கொடுத்திருந்தது. லெஸ் பாலாஸ் என்பவர் லீக்கின் ஆட்டமொன்றை வாரந்தோறும் அனுமதியின்றி விவரித்து வருவதாகக் கடிதம் சொன்னது.

லெஸ் அதை யாரோ செய்த விளையாட்டு என்று நினைத்து, அதிலிருந்த எண்ணுக்கு போன் போட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அது நான்தாங்க," என்றான். "தும்மினது நான்."

"அதுல எங்களுக்கு சந்தேகமில்ல சார்," என்றது ஒரு பெண் குரல். "நீங்க தும்மலாம். விவரிக்கத்தான் கூடாது."

"என் மூக்கப் பத்தி நான் பேசக்கூடாதா?"

"மூக்கப் பத்தி தாராளமா பேசுங்க சார். ஒன்பதாவது சுற்றுல இருந்த மூக்கப் பத்திப் பேசணும்னா படிவம் பதினாலு."

படிவம் பதினாலு வந்தது. 'நீங்கள் விவரிக்க விரும்பும் நிகழ்வை முழுமையாக விவரிக்கவும்' என்று முதல் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'அனுமதி பெறும் முன்பு நிகழ்வை விவரித்திருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்' என்று இருந்தது. லெஸ் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில், 'ஒருநாள் ஒரு இடத்தில் எனக்கு ஒன்று நேர்ந்தது' என்று எழுதி அனுப்பினான். விவரம் போதாது என்று திரும்பி வந்தது. 'ஒருநாள் ஸ்டேடியத்தில் எனக்கு ஒன்று நேர்ந்தது' என்று எழுதினான். அனுமதியின்றி விவரித்துவிட்டார் என்று திரும்பி வந்தது.

அதன் பிறகு லீக் ஒரு பார்வையாளரை அனுப்பியது. ஆர்டிஸ் வீலன் என்கிற ஒல்லியான நடுவயதுப் பெண். முன்வரிசையில் உட்கார்ந்து, அம்பயர்கள் பந்தை எண்ணுவதற்குக் கையில் வைத்திருக்கும் எண்ணுமானியால் சிரிப்பை எண்ணினாள். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு 'டிக்'. தான் சிரிக்க நேர்ந்தால் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அதையும் எண்ணினாள். நேர்மையான ஆள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுடைய அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது. அன்று மாலை மொத்தம் அறுபத்தொரு சிரிப்பு. அதில் முப்பத்தெட்டு பாலாஸைப் பார்த்து, ஒன்பது அவர் மூக்கைப் பார்த்து. இந்த நாற்பத்தேழுக்கும் லீக்குக்கு ஆட்சேபம் இல்லை. பதினொன்று அம்பயரையும் விதியையும் பார்த்து. அவை கடுமையான மீறல். மூன்று சிரிப்பு கேட்சரைப் பார்த்து. அவை கணக்கில் கொள்ளத்தக்கவை அல்ல.

"மூணுதானா?" என்றேன்.

"நல்லா சொன்னாதான் சிரிப்பாங்க," என்றான் லெஸ். "உன்னப் பத்தி நல்லா சொல்ல என்னடா இருக்கு?"

ஆனால் அவன் முகம் சரியில்லை. மார்வாவுக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. கிளப் இருக்கிற கட்டடம் ஹெரான்ஸ் அணியுடையது. அனுமதி இல்லாத ஆளை மேடையேற்றினால் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று அதில் இருந்தது. மார்வா அதை அவனிடம் கொடுத்துவிட்டு, "லெஸ், எனக்கு வேற இடம் இல்லப்பா," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை லெஸ் மேடை ஏறவில்லை. மறுநாள் ஜோலீன் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஒன்பது வருஷம் ஊரு சொன்னதக் கேட்டோம் கார்ல்," என்றாள். "அவன் சொல்றத ஒரு வருஷமாதான் கேக்கறேன். மறுபடி அந்த இரும்புக்கடை பின்கட்டே கதின்னு உக்காந்துட்டான்னா, இந்தத் தடவ வெளிய வரமாட்டான். நீ கூடப் போ. அவன் ஒத்தைல போனா எதுல வேணாலும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவான்."

விசாரணை இண்டியானாபொலிஸில், லீக்கின் தலைமை அலுவலகத்தில். நீண்ட மேசை. சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் செத்துப்போன ஆட்டக்காரர்களின் மட்டைகள். பிரிவின் துணைத் தலைவர் கான்ராட் ஹெல்விக் எழுந்து வந்து எங்கள் இருவர் கையையும் குலுக்கினார். அவர் சின்ன வயதில்கூட ஒரு பந்தைத் தொட்டதில்லை என்பது கையைப் பிடித்ததுமே தெரிந்தது.

"மிஸ்டர் பாலாஸ்," என்று ஆரம்பித்தார், "தும்மினது நீங்க. அத லீக் என்னிக்கும் மறுக்கல. ஆனா அன்னிக்கி நீங்க போட்டிருந்த சட்டை எங்களோடது. நின்னு வீசின மேடு எங்களோடது. மீறின விதி எங்களோடது. பாத்த கூட்டம் எங்களோடது. மூக்கு ஒண்ணுதான் உங்களோடது. அது வேற யார் மூக்கா இருந்திருந்தாலும் எங்களுக்குப் போதும்."

"நான் சும்மா சிரிக்க வைக்கறேன் சார்," என்றான் லெஸ்.

"அதுதான் பிரச்சனையே." ஹெல்விக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒரு லீக் எதுல நிக்குதுன்னு நெனக்கிறீங்க? ஜெயிச்சவன் சந்தோஷத்துலயா? அது ஒரு வாரம் தாங்கும். தோத்தவன் வெக்கம் இருக்கு பாருங்க, அது தலைமுறை தாண்டி நிக்கும். அப்பா திட்டுவாரு, புள்ள திட்டும், பேரன் டிக்கெட் வாங்குவான். உங்க வெக்கத்த நாங்க பத்து வருஷமா பொத்திப் பொத்தி வளத்திருக்கோம். வருஷா வருஷம் அந்தக் காட்சியப் போட்டுக் காட்றோம். நீங்க என்னடான்னா மேடைல ஏறி நின்னு, எனக்கு வெக்கமா இல்லங்கறீங்க. இது திருட்டு சார்."

மேசையின் ஓரத்தில் இருந்த வக்கீல் இந்த இடத்தில் தலையாட்டினார்.

நான் சும்மா இருக்க முடியாமல், "அப்ப நான் அவுட் ஆனது? அதுவும் உங்களோடதா?" என்று கேட்டேன்.

"கண்டிப்பா," என்றார் ஹெல்விக். "ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டு வரல."

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஒவ்வாமை மாத்திரை செய்கிற ஒரு கம்பெனிக்கு லீக் அந்தத் தும்மலை விளம்பரத்துக்காகக் கொடுத்திருந்தது. விளம்பரத்தில் லெஸ் பாலாஸாக நடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நல்லெண்ணத்தின் அடையாளமாக லெஸ்ஸும் தேர்வில் கலந்துகொள்ளலாம் என்றார் ஹெல்விக். பக்கத்து அறையில் கேமரா வைத்திருந்தார்கள். லெஸ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் போய் வரிசையில் நான்காவது ஆளாக நின்று, தும்மிவிட்டு வந்தான்.

முடிவு அடுத்த வாரம் தபாலில் வந்தது. 'மிஸ்டர் பாலாஸின் தும்மலில் நம்பகத்தன்மை இல்லை. நடிப்பு அவருக்கு இயல்பாக வரவில்லை. லெஸ் பாலாஸ் வேடத்துக்கு சிகாகோவைச் சேர்ந்த ஒரு நடிகர் தேர்வாகியிருக்கிறார்.'

ஆனாலும் கடிதத்தின் கடைசியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆட்டம் நடந்து பத்து வருடம் நிறைவதை ஒட்டி டொலீடோ ஸ்டேடியத்தில் நினைவு விழா. அந்த ஒன்பதாவது சுற்றை அப்படியே திரும்ப நடத்திக் காட்டப் போகிறார்கள். அசல் பிட்சர், அசல் கேட்சர், அசல் அம்பயர். லெஸ் அதே மேட்டில் நின்று, அதே இடத்தில் தும்மினால், வாரம் ஒரு முறை விவரித்துக்கொள்ள எழுத்துப்பூர்வ அனுமதி உண்டு. லெஸ் கையெழுத்துப் போட்டான். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

ஒத்திகைக்கு ஒரு இயக்குநர் வந்தார். தும்மலுக்கு முன்னால் மூக்கு எத்தனை தடவை விடைக்க வேண்டும் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். லெஸ்ஸுக்கு ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. "பரவால்ல, சத்தத்த நாங்க பாத்துக்கறோம்," என்றார் இயக்குநர். சிகாகோ நடிகரின் தும்மலைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். லெஸ் வாயைத் திறந்து தலையை ஆட்டினால் போதும், ஒலிபெருக்கி தும்மிவிடும்.

விழா ஒரு சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். இருபதாயிரம் பேர் வந்திருந்தார்கள். வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் கைக்குட்டை கொடுத்து, தும்மியதும் ஆட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஹெல்விக் வெள்ளைக் கோட்டோடு மைதானத்திலேயே நின்று ஒலிவாங்கியில் வரவேற்றார். மூன்றாவது தளத்தில் அலுவலகப் பையன் ஒருவனுக்குப் பழைய சட்டை மாட்டி நிறுத்தியிருந்தார்கள்; இன்னொருவன் கையில் மட்டை. எனக்குப் பின்னால் அம்பயர் ஹார்லன் ஸ்டீப். எழுபத்துநாலு வயது, முட்டி இரண்டும் மாற்றியாகிவிட்டது.

லெஸ் மேட்டில் ஏறியதுமே கூட்டம் ஊளையிட்டது. பத்து வருடத்தில் ஒரு சுருதிகூடக் குறையவில்லை. மார்வாவின் கிளப்பில் சிரித்த முகங்களையும் அதில் பார்த்தேன், அவர்களும் ஊளையிட்டார்கள். லெஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். நான் எழுந்து மேட்டுக்குப் போனேன். கையுறையால் வாயை மறைத்துக்கொண்டேன்.

"என்னடா?"

"மூக்கு அரிக்கல கார்ல்."

"அரிக்கலன்னா நடிடா. ஒரு விநாடி. முடிச்சிட்டுப் போயிடலாம்."

"எனக்கு நடிக்க வராதுன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே."

அவன் சிரிக்கவில்லை. மூன்றாவது தளத்துக்கு மேலே, ஜோலீன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். அவள் கையில் மட்டும் கைக்குட்டை இல்லை.

"அன்னிக்கி நீ பந்த எங்க போடச் சொன்னே?" என்றான்.

"வெளியோரம். தாழ்வா."

"போய் உக்காரு."

நான் போய் உட்கார்ந்தேன். என் முட்டியும் ஹார்லனின் முட்டியும் ஒன்றாக முனகின. லெஸ் கையைத் தூக்கினான். வாயை இறுக்கி மூடியிருந்தான். ஒலிபெருக்கி, ஸ்டேடியமே அதிரும்படி, சிகாகோ நடிகரின் குரலில் தும்மியது. இருபதாயிரம் கைக்குட்டைகள் எழுந்தன. அந்தத் தும்மலுக்கு நடுவே அவன் பந்தை வீசினான்.

வேகமெல்லாம் போய்விட்டது. பழைய பந்தில் பாதிகூட இல்லை. ஆனால் வெளியோரமாக, தாழ்வாக, நான் கையுறையை வைத்த இடத்தில் வந்து விழுந்தது. மட்டையோடு நின்ற பையன் அசையவில்லை. அவனுக்கு அசையச் சொல்லி யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. என் உள்ளங்கை எரிந்தது. பின்னால் ஹார்லன் நாற்பது வருடப் பழக்கத்தில் கையை உயர்த்தி, "ஸ்ட்ரைக் மூணு!" என்று கத்திவிட்டார்.

நடந்து வந்துகொண்டிருந்த அலுவலகப் பையன் பாதி வழியில் நின்றுவிட்டான். மஞ்சள் கைக்குட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு மேல்வரிசையில் ஒருவன், "ஏமாத்தறான்! தும்முடா!" என்று கத்தினான். அடுத்த நிமிடம் மொத்தக் கூட்டமும் காலைத் தரையில் உதைத்து, "தும்மு! தும்மு! தும்மு!" என்றது. சொந்த அணிக்குக் கோப்பை கைநழுவிப் போன கணத்தைத் திரும்பப் பார்க்க முடியாமல் போன ஆத்திரத்தில் பெரிய மனிதர்கள் தண்ணீர் பாட்டிலை மைதானத்துக்குள் வீசினார்கள்.

ஹெல்விக் ஓடி வந்தார். ஒலிவாங்கி சட்டையில் இருப்பதை மறந்துவிட்டார்.

"குற்றம்னு சொல்லுங்க!" என்று ஹார்லனிடம் கத்தினார். "தும்மல் கேட்டுச்சில்ல? ஓட்டத்தக் குடுங்க!"

"ஸ்பீக்கர்தான சார் தும்மிச்சு," என்றார் ஹார்லன். "ஸ்பீக்கர் பிட்சர் இல்லயே."

"யார் தும்மினா என்னய்யா? அவன் தோத்தாகணும்! அவன் தோக்கறதுக்குத்தான் இவ்வளவு பேரையும் கூப்ட்டிருக்கேன்!"

இது ஸ்டேடியத்தின் எல்லா மூலையிலும் கேட்டது. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

ஹார்லன் முகமூடியைக் கழற்றினார். "அன்னிக்கி பாத்தேன், சொன்னேன். இன்னிக்கும் பாத்தேன், சொன்னேன். நான் வீட்டுக்குப் போறேன்," என்றபடி நொண்டிக்கொண்டே வெளியே போனார்.

நான் மேட்டுக்குப் போனேன். பாட்டில்கள் விழுந்துகொண்டிருந்தன. லெஸ் கழுத்திலிருந்து வேர்வை ஊற்றியது. அழுகிறானோ என்று நினைத்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஸ்பீக்கர் தும்மிச்சுடா கார்ல்," என்றான். அதற்கு மேல் பேச முடியவில்லை.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. லீக்கின் நிகழ்வொன்றில் அனுமதியின்றித் தும்மாமலிருந்த குற்றத்துக்காக லெஸ் பாலாஸ் லீக்கின் எல்லா ஸ்டேடியங்களுக்குள்ளும் வாழ்நாள் முழுக்க நுழையக்கூடாது. பத்து வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தை விவரிக்கும் அனுமதி நிரந்தரமாக மறுக்கப்படுகிறது. ஜோலீன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள். லெஸ் இரும்புக்கடைக்குக் கிளம்பிப் போனான்.

ஆனால் ஹெல்விக்கின் கத்தல் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரர்கள் லீக்கைக் குடைந்தார்கள். பழைய ஆட்டத்தின் முடிவு மாறிவிட்டதா, கோப்பை யாருக்கு என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார். புதன்கிழமை பிரிவு அவசரமாக ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஹெல்விக்கே கையெழுத்துப் போட்டிருந்தார். 'சனிக்கிழமை டொலீடோவில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது லீக்கின் ஆட்டம் அல்ல. அதில் வீசப்பட்டதாகச் சொல்லப்படும் பந்து லீக்கின் பந்து அல்ல. அங்கே கேட்ட குரல்கள் எவையும் லீக்குக்குச் சொந்தமானவை அல்ல. அதுகுறித்து யார் எதை விவரித்தாலும் அதில் லீக்குக்கு எந்த உரிமையும் பொறுப்பும் கிடையாது.'

மார்வா அதைப் படித்ததும் நேரே இரும்புக்கடைக்குப் போய், முதலாளியைத் தாண்டிக்கொண்டு பின்கட்டுக்குள் நுழைந்து, லெஸ்ஸின் கையில் கொடுத்தார். அவன் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தானாம். நின்றபடியே படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். பிறகு கடை மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான்.

வியாழக்கிழமை கிளப்பில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் சனிக்கிழமை அவன்மேல் பாட்டில் எறிந்தவர்கள். லீக்கும் தன் ஆளை அனுப்பியிருந்தது. ஆர்டிஸ் வீலன் முன்வரிசையில் உட்கார்ந்து எண்ணுமானியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். லெஸ் மேடை ஏறியதும் பின்னாலிருந்து யாரோ தும்மினார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்து, வெளிச்சத்தில் காட்டினான்.

"இன்னிக்கி உங்களுக்கு நடக்கவே நடக்காத ஒரு ஆட்டத்தப் பத்திச் சொல்லப் போறேன்," என்றான். "எல்லாமே என்னோடது. லீக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு."